ஈரச் சுவரும் மாரக்காளும்

மாரக்காள் யாரையாவது நல்லவிதமாகச் சொல்லி நாமக்கல்லில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் புருஷன் கொத்தனார். பழனிக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவன் திரும்பவில்லை. அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரித்தபோது, "போனது போவுட்டும். அவன் பூசுன செவுரு ஒண்ணாச்சும் நேரா நின்னுச்சா?" என்றாள்.

அவள் வேலை புதுச் சுவரைப் பக்குவப்படுத்துவது. கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டுப் போன பிறகு, வர்ணம் அடிக்கிறவன் வருவதற்கு முன்னால் நடக்கிற வேலை அது. துருத்தி நிற்கிற மணலை வழவழப்பான கருங்கல்லால் தேய்த்து எடுப்பாள். மயிரிழை வெடிப்பைக்கூட ஆணியால் கீறி அகலமாக்கி, துணியில் சலித்த சுண்ணாம்பை விரலால் திணித்து அடைப்பாள். அது காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. பிறகு தூசி தட்டுதல். கடைசியாகக் கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடி நிற்பாள். ஈரம் இருந்தால் கன்னம் சொல்லிவிடும். உள்ளங்கை காய்ப்பேறிப் போனதால் அதை அவள் நம்புவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், பஸ் முதலாளி குமாரசாமி கோட்டைப் பக்கம் மாடி வீடு கட்டினார். கூடத்துக்குச் சேலத்திலிருந்து பச்சை எண்ணெய் வர்ணம் டின் டின்னாக வந்து இறங்கியது. கூடவே சென்றாயன் என்ற பெயிண்டரும் வந்தான். தலையில் கிராப்பு, சட்டைப் பையில் சீப்பு. பிரஷ்ஷை அவன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்ததைப் பார்த்ததுமே மாரக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார்த்திகை மழையில் பூசிய சுவர். கிரகப்பிரவேசம் தை மாதம் ஐந்தாம் தேதி. கன்னம் வைத்துப் பார்த்த மாரக்காள் கிழக்குச் சுவர் ஒன்றை மட்டும் காட்டினாள்.

"இது காஞ்சிருச்சுங்க. மத்த மூணும் பச்ச ஈரம். சித்திர வெயில் பட்டுத்தான் ஆவோணும்."

"நாள் குறிச்சாச்சு மாரக்கா. பத்திரிகையும் குடுத்தாச்சு," என்றார் குமாரசாமி.

"பத்திரிகைய செவுத்துக்கும் ஒண்ணு குடுத்திருக்கலாமுங்க. அதுக்குத்தான் சேதி தெரியல."

சென்றாயன் சிரித்தான். "இது சீமை பெயிண்ட்டு அக்கா. ஈரத்தையெல்லாம் உள்ளயே அமுக்கிப்போடும்."

"சாந்துல இருக்கற சுண்ணாம்பு உன்ற எண்ணெயத் தின்னுபோடும்டா. அப்பறம் செவுரு முச்சூடும் பிசுபிசுன்னு நிக்கும். சீப்புக்குக் குடுத்த காசுல கொஞ்சம் புத்தி வாங்கிட்டு வந்திருக்கலாம்." கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

சென்றாயன் நான்கு சுவருக்கும் வர்ணம் அடித்து முடித்தான். தை ஐந்தாம் தேதி ராசிபுரத்துச் சம்பந்தி வீட்டார் வெள்ளைச் சட்டையோடு வந்து, கூடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சாப்பிட எழுந்தபோது ஒவ்வொருத்தர் முதுகிலும் பச்சைப் பட்டை. மூத்த சம்பந்தியின் பட்டு அங்கவஸ்திரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இழுத்த பிறகுதான் வந்தது.

நான்காம் நாள் குமாரசாமியின் மனைவி வள்ளியாத்தாளே மாரக்காளைத் தேடி வந்தாள்.

"வந்து பாரு சாமி. ஊடு ஊடு மாதிரியே இல்ல."

"உங்க ஊட்டுக்காரருக்கு வாய் இல்லீங்களா?"

"வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காரு."

"அதாச்சும் வருதே," என்று சொல்லி மாரக்காள் கிளம்பினாள்.

கூடத்தில் சென்றாயன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் விரல் வைத்தால் வர்ணம் கூழாக வந்தது. வடக்கில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. மாரக்காள் ஒவ்வொன்றையும் பார்த்து "தூ" என்றாள். பிறகு கிழக்குச் சுவருக்குத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் காய்ந்தது என்று சொன்ன சுவர். தலைக்கு மேலே, மச்சை ஒட்டின இடத்தில், பாம்புச் சட்டை மாதிரி வர்ணம் உரிந்து தொங்கியது.

மாரக்காளே ஏணியை இழுத்துப்போட்டு ஏறினாள். மேலே கன்னத்தை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர் அந்த மூலையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ற தப்பு," என்றாள் ஏணியில் நின்றபடியே. "ஆளு ஒசரத்துக்கு வெச்சுப் பாத்துட்டுக் காஞ்சிருச்சுன்னு சொன்னேன். ஏணி ஏற ஒடம்பு வளையல. சோம்பேறி முண்டம். முப்பது வருஷம் கல்லத் தேச்சு என்ன கண்டா இவ?" அவள் தன்னைத்தான் திட்டுகிறாள் என்பது மற்றவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரை வைத விதத்திலேயே, ஒரு வார்த்தை குறைக்காமல், தன்னையும் வைதாள்.

சென்றாயன் மெதுவாக, "உடுங்க அக்கா, எல்லாருக்கும் வாரதுதான்," என்றான்.

மாரக்காள் இறங்கி வந்தாள். "நீ சமாதானம் சொல்ற அளவுக்கா நான் கெட்டுப்போயிட்டேன்? சுரண்டற கரண்டிய எடுடா."

நான்கு சுவரையும் சுரண்ட எட்டு நாள் ஆயிற்று. மூன்றைச் சென்றாயன் சுரண்டினான். கிழக்குச் சுவரை அவள் ஒருத்தரையும் தொடவிடவில்லை. மொட்டைமாடி ஒழுக்கை அடைக்கச் சொல்லிவிட்டு, சித்திரை முடியும்வரை சன்னல் கதவுகளைத் திறந்தே போட வைத்தாள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்த குமாரசாமியைப் பார்த்து, "செவுத்துல சாயாதீங்க, உங்க வேர்வையும் சேந்து ஊறும்," என்று வைகாசிவரை விரட்டினாள். அதன்பிறகு தேய்த்து, அடைத்து, தூசி தட்டி, ஆளிவிதை எண்ணெயை ஒரு கை தடவிக் காயவிட்டு, பிரஷ்ஷைச் சென்றாயன் கையில் கொடுத்தாள். பிடிக்கிற விதத்துக்கு அன்று முழுக்கத் திட்டு வாங்கினான். வர்ணம் கண்ணாடி மாதிரி நின்றது.

அடுத்த மாசமே சென்றாயன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டு வேலை பிடித்து, மாரக்காளுக்கு ஆள் அனுப்பினான். அவள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். புது வீட்டை வாசலில் நின்றே ஒருதரம் பார்த்தாள்.

"எந்தக் குருட்டுக் கொத்தன்டா பூசுனான் இத? அந்த ஏணிய எடு."