அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு

புனிதவதிக்கு நாற்பத்து நான்கு வயதில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கல்லூரியில் அவளுக்கு ஆபீஸ் வேலை. பகலில் டைப் அடிப்பாள். சாயங்காலம் அங்கேயே மாணவியாக உட்கார்ந்துவிடுவாள். 1997இல் பாஸும் பண்ணிவிட்டாள்.

சும்மா இருக்கலாம் அல்லவா? எல்லாருடைய சான்றிதழையும் அச்சடிக்கும் புரோகிராமைப் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். மலேசியத் தமிழர் பெயரில் மகள் என்றால் a/p, மகன் என்றால் a/l என்று போட்டு அப்பா பெயர் வரும். அந்த a/pயைத் தேடிப் பிடித்து, அப்பா பெயரை அழகாகக் கீழ்வரியில் இறக்க நினைத்தாள். புரோகிராம் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“அக்கா, நாளைக்குப் பிரிண்ட் பண்ணணும் லா. அப்பா பேர எடுத்துடுங்க, யாரு பாக்கப் போறா?” என்றார் முதலாளி ராதாகிருஷ்ணன்.

யாரு பாக்கப் போறாவாம்! ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா கந்தப்பு பார்ப்பார். மகளின் சான்றிதழை மாட்டச் சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தார்.

பெர்ல் கற்பவர்கள் மின்னஞ்சலில் கேள்வி கேட்கும் குழு ஒன்று இருந்தது. அதுவரை அவள் வாசித்ததோடு சரி. அன்று, ‘மதிப்பிற்குரிய ஐயாமார்களே’ என்று அரசாங்கக் கடிதம்போல ஆங்கிலத்தில் ஆரம்பித்துக் கேட்டே விட்டாள்.

காலையில் வந்து திறந்தால் பதில்! நார்வேயிலிருந்து லார்ஸ் என்று ஒருவர். ‘தேடும் சொல்லைப் பெர்லில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுதுகிறோம். உங்கள் a/pயில் உள்ள கோட்டைப் பார்த்ததும் தேடல் முடிந்துவிட்டதாக அது நினைக்கிறது. அந்தக் கோட்டுக்கு முன்னால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போடுங்கள். ஆமாம், a/p என்றால் என்ன?’

போட்டாள். ஓடியது. அவள் பெயரும் கீழே அப்பா பெயருமாகத் தாள் வெளியே வந்தபோது உடம்பெல்லாம் புல்லரித்தது.

“யாரு அக்கா சொல்லிக்குடுத்தா? தெரிஞ்சவரா?”

“இல்ல பாஸ். யாருன்னே தெரியாது.”

சொல்லிக்கொண்டே தாளை இன்னொரு முறை பார்த்தாள். எங்கோ பனி கொட்டும் ஊரில் முகம் தெரியாத ஒருவர், அவள் அப்பா பெயருக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இப்படியும் ஓர் உலகமா என்று மலைத்துப்போனாள்.

நன்றி சொல்லி, a/p, a/l இரண்டுக்கும் விளக்கம் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது: ‘நல்ல வழக்கம். இப்படிக்கு, லார்ஸ் a/l ஹென்ரிக்.’

அதையும் அச்சடித்துச் சான்றிதழோடு வீட்டுக்குக் கொண்டுபோய் அர்த்தம் சொன்னாள். கந்தப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, லார்ஸின் பதிலை மறுபடி வாசித்தார்.

“இன்னொரு ஆணி வேணும், பிள்ளை,” என்றார்.