திறக்காதீங்க என்று சொன்ன மெக்கானிக்

என் கணவரை இனிமையானவர் என்று யாரும் சொன்னதில்லை. வேலை தெரிந்தவர் என்பார்கள், உடனே "ஆனா அந்த வாய் இருக்கே" என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆள் குள்ளம், பேச்சில் காரம். அதனால் சர்வீஸ் சென்டரில் அவருக்குக் கடுகு என்று பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிற கடுகு என்று அவருடைய கூட்டாளிகள் என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒப்பந்த மெக்கானிக். போன வீட்டில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்மூடியைக் கழற்றி, அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பம்புக்குள் விரலை விட்டு ஒரு ஹேர்பின்னையோ சட்டைப் பொத்தானையோ எடுத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக நீட்டுவார். "மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. துணி போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாக்கற பழக்கம் இல்ல பாருங்க, அதுதான் கோளாறு." இப்படிப் பேசிவிட்டு வந்தால் யார் நல்ல பெயர் தருவார்கள்?

நல்ல பெயரில்தான் அவருடைய பிழைப்பு இருந்தது. மெக்கானிக் போய்வந்த பிறகு வாடிக்கையாளருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு சர்வே மெயில் போகும். சேவை எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்கும். பத்து வந்தால்தான் தேர்ச்சி. ஒன்பது வந்தாலும் தோல்விதான். பதிலே வராவிட்டால் அதுவும் தோல்விதான். மற்ற மெக்கானிக்குகள் கிளம்பும்போது வாசலில் நின்று, "மெயில் வரும் சார், பத்து போட்ருங்க, பிள்ளைகுட்டிக்காரன்" என்று கெஞ்சுவார்கள். சிலர் வாடிக்கையாளரின் போனை வாங்கித் தாங்களே பத்தைத் தட்டிவிடுவதும் உண்டு. இவர் எதுவும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"வேலை செஞ்சா கூலி கேக்கலாம். பாராட்டைக் கேட்டு வாங்கினா அது பிச்சை" என்பார்.

மாதா மாதம் அந்த மதிப்பெண் பட்டியலில் கடைசி இடத்திலேயே இருந்தார். இன்னொரு முறை கடைசி என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் எங்களுக்குள் சண்டை.

"மெயில் வரும், திறந்து பாருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"உங்கப்பா என்னைப் பொண்ணு பாக்க வரச் சொன்னப்போ வாயைப் பாத்துத்தானே குடுத்தாரு?"

"அன்னைக்கு நீங்க வாயைத் திறக்கவே இல்ல. ஏமாந்துட்டாரு."

முறைத்துக்கொண்டே போனார். ஆனால் அன்று போன வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

அது ஒரு அடுக்கு மாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடி. தனியாக இருந்த ஒரு வயதான அம்மாள், மருத்துவமனை ஒன்றில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். இவருக்குச் சற்றும் சளைக்காத வாய். பேரிங் மாற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியையும் எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாராம். கிளம்பும்போது இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாயங்காலம் மெயில் ஒண்ணு வரும். எங்க கம்பெனிதான். திறந்து பதில் போடுங்க" என்றிருக்கிறார். பத்து போடுங்கள் என்று கேட்கவில்லை. அவ்வளவு தூரம் குனிய முடியவில்லை.

சாயங்காலம் மெயில் வந்தது. கம்பெனியின் பெயர், கம்பெனியின் நிறம், நட்சத்திரங்கள். சேவை எப்படி என்று கேட்டது. பதிலை உறுதி செய்ய மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் கேட்டது. அந்த அம்மாள் கொடுத்துவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்குத் தூரத்தில் தெரிகிற வெளிச்சமெல்லாம் பஸ்தான்.

அது திருட்டு மெயில். யாரோ அந்தக் கம்பெனி மெஷின் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் வீசிய வலை. இவர் சொல்லிவைத்திருந்த நேரத்தில் வந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் அந்த அம்மாளின் பெயரில் அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் கடிதம் போயிருந்தது: ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம், உடனே பணம் அனுப்புங்கள். நண்பர்கள் யாரும் அனுப்பவில்லை. அனுப்பியது சம்பந்தி வீட்டார்.

அந்த அம்மாளின் மகள் எங்கள் வீட்டு முகவரியை எப்படிப் பிடித்தாளோ தெரியாது. கதவைத் தட்டவில்லை, அடித்தாள். நான்தான் திறந்தேன்.

"அந்த மெக்கானிக் எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு. நீங்க?"

"எந்த வேலைக்கு? இன்னொரு வீட்டுக் கிழவியை ஏமாத்தவா? எங்க மாமியார் என்னைப் பாத்து, 'உங்கம்மாவுக்குப் பணமுடைன்னா நேராக் கேட்டிருக்கலாமே'ங்கிறாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு சொல் கேக்காம இருந்தேன் நான்!"

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா."

"எல்லாத் திருடன் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்லுவா."

மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  அவள் போன பிறகு கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டன.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் விசாரணை. அந்த அம்மாளும் மகளும் வந்திருந்தார்கள். இவர் வாயைக் காவல் காக்க நானும் போனேன். என்னை உள்ளே விடவில்லை. மேனேஜரின் கண்ணாடி அறைக்கு வெளியே, பழைய மெஷின் மூடிகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏசி ஓடாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எல்லாம் கேட்டது.

மேனேஜர் இரண்டு மெயில்களை அச்செடுத்து மேசையில் வைத்தார். ஒன்று திருட்டு மெயில். மற்றது கம்பெனியின் உண்மையான சர்வே. அது அடுத்த நாள் வந்து குப்பை மெயில்களோடு கிடந்ததாம்.

"நீ சொல்லு கடுகு. இதுல எது நம்மளது?"

இவர் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "போச்சு! அது திருட்டு."

"இது கம்பெனி நிறத்துல இருக்கு. அந்தம்மா மெஷின் மாடல்கூடச் சரியாப் போட்டிருக்கு. அது என்ன, அட்ரஸ்ல பாதி நம்பரா இருக்கு, இருபத்து நாலு மணி நேரத்துல பதில் போடலன்னா காலாவதின்னு மிரட்டுது. அதுவா நம்மளது?"

"சர்வேயை வெளியில ஒரு ஏஜென்சிக்குக் குடுத்திருக்கோம். அவங்க அட்ரஸ்லேர்ந்துதான் வரும். வித்தியாசம் ரொம்ப சிம்பிள். நம்ம மெயில் பாஸ்வேர்ட் கேக்காது."

"அது திறந்து அழுத்தினாத்தானே தெரியும்? பாம்பா கயிறான்னு மிதிச்சுப் பாக்கச் சொல்றீங்களா?"

"அதெல்லாம் ஆராயறது உன் வேலை இல்ல."

"திறக்கச் சொல்றது மட்டும் என் வேலையா?"

மகள் இடையில் புகுந்தாள். "உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. இந்த ஆளுக்கும் அந்தத் திருட்டுக் கும்பலுக்கும் தொடர்பு இருக்கு. இல்லன்னா மாடல் நம்பர் எப்படித் தெரியும்? சொன்ன நேரத்துக்கு எப்படி வரும்?"

மேனேஜர் அதை மறுக்கவில்லை.  கம்பெனியிலிருந்து விவரம் கசிந்தது என்பதைவிட ஒரு மெக்கானிக் திருடன் என்பது அவருக்கு வசதி.

அதுவரை பேசாமல் இருந்த ஆறாம் மாடி அம்மாள் தொண்டையைச் செருமினார்.

"இவன் திருடல."

"அம்மா, நீ சும்மா இரு."

"நீ சும்மா இருடி. நான் மருந்துக் கிடங்குல எத்தனை திருடனைப் பாத்திருக்கேன். திருடறவன் சிரிச்சுப் பேசுவான். இவன் என் வீட்டுக்கு வந்து, பாக்கெட்டைப் பாக்கத் தெரியாதான்னு என்னையே திட்டினான். திருடறதுக்கு ஒரு சாமர்த்தியம் வேணும். இந்த ஆளுக்கு அது கிடையாது. மூஞ்சியைப் பாத்தாலே தெரியல?"

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இவர், "யாருக்குச் சாமர்த்தியம் இல்ல?" என்று எழுந்துவிட்டார். நான் ஸ்டூலிலிருந்து, "உட்காருங்க!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திருட்டுப் பழி போயிற்று. ஆனால் எச்சரிக்கை ஒன்று கொடுத்து, இனி வாடிக்கையாளரிடம் மெயிலைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல வேண்டும், பதில் வரவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். எது உண்மை, எது பொய் என்று கண்டுபிடிக்கும் வழியைப் பில்லிலேயே அச்சடித்துக் கொடுங்கள் என்று இவர் கேட்டார். அதைத் தலைமையகம்தான் முடிவு செய்யும் என்றார்கள்.

 அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார்: "மெயில் வரும். திறக்காதீங்க. உண்மையான்னு எனக்கே தெரியாது. வேணும்னா பில்லுல இருக்கற நம்பருக்குப் போன் பண்ணி, நீங்க அனுப்பினதான்னு கேட்டுட்டு அப்புறம் திறங்க. எங்க பேரைச் சொல்லி யாரு பாஸ்வேர்ட் கேட்டாலும் செருப்பால அடிங்க."

மக்கள் போன் பண்ணினார்கள். கம்பெனியின் அழைப்பு மையத்துக்கு நாள் முழுவதும் ஒரே கேள்வி: இந்த மெயில் உங்களுடையதுதானா? அங்கே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. மேலே கேட்டார்கள், மேலேயிருந்து மேனேஜருக்கு வசை வந்தது. மேனேஜர் இவரைக் கூப்பிட்டு அதைப் பங்கு போட்டுக்கொண்டார்.

"ஏன் இப்படிச் சொல்ற? பத்து வாங்கித் தரச் சொன்னா பஞ்சாயத்து வாங்கித் தர்ற!"

"உங்களுக்குத் தெரியாததை நான் எப்படி உண்மைன்னு சொல்லுவேன்?"

அந்த முறை அவருக்கு ஒரு பத்துகூட வரவில்லை. வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை மட்டும் கேட்டேன். "ஒரு தடவை சொன்னேன். ஒரு பொம்பளை சம்பந்தி வீட்ல தலைகுனிஞ்சா. போதும்" என்றார். அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை.

சில வாரங்களில் அவர் போனில் ஒரு மெயில் வந்தது. தங்கள் ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது, பெற்றுக்கொண்டதை உறுதி செய்யக் கீழே அழுத்தவும் என்று இருந்தது. அனுப்பியவர் முகவரியில் பாதி நம்பர்.

"திருட்டு மெயில்" என்றார்.

நான் வாங்கிப் படித்தேன். "இல்லங்க. உங்க பணியாளர் எண் சரியா இருக்கு."

"அந்தம்மா மெஷின் மாடலும் சரியாத்தான் இருந்துச்சு."

"பில்லுல இருக்கற நம்பருக்கு அடிச்சுப் பாருங்க."

அடித்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. வைத்துவிட்டார். மறுநாள் காலையில் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தி வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்கிற ஆளா?

கேட்டில் இவருடைய அடையாள அட்டையை வருகைப் பதிவு மெஷின் ஏற்கவில்லை. காவலாளி தலையைச் சொறிந்துகொண்டே, "அண்ணே, உங்க பேரை எடுத்துட்டாங்க போல" என்றிருக்கிறார். இவர் நகரவில்லை. மேனேஜரைக் கீழே வரச் சொல்லியிருக்கிறார். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, மேனேஜர் வந்து, "மெயில் அனுப்பியிருந்தோமே, பாக்கலயா?" என்றிருக்கிறார்.

"மெயிலை நான் நம்பறதில்ல. உங்க வாயால சொல்லுங்க."

மேனேஜருக்கு அது எளிதாக இருக்கவில்லையாம். வாட்சைப் பார்த்தாராம், காவலாளியைப் பார்த்தாராம். கடைசியில், "உனக்கு இனிமே இங்க வேலை இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னாராம். "இப்ப நம்பறேன்" என்று இவர் திரும்பி வந்துவிட்டார். வீட்டில் பையை வைத்துவிட்டு என்னிடம், "நீ சொன்னது சரி. நிஜமான மெயில்தான்" என்றார். நான் சரி என்று அவர் ஒத்துக்கொண்டது அநேகமாக அந்த ஒரு முறைதான்.

பிறகு தனியாகத் தொழில் செய்தார். முதலில் கூப்பிட்டது ஆறாம் மாடி அம்மாள். "கம்பெனிக்காரனை நம்ப முடியல. உன்னையும் நம்பல. ஆனா நீ வேலை செய்யறப்போ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கலாம்." மற்றவர்களும் வந்தார்கள். அவர்கள் எல்லாரிடமும் இவர், என் பேரில் எந்த மெசேஜ் வந்தாலும் நம்பாதீர்கள், நானே பேசினால்தான் நான் என்று சொல்லிவைத்தார்.

போன மாதம் ஒரு வீட்டில் மெஷினை நகர்த்திக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அவர் போனில் இருந்த வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அவர் காலமான செய்தியை அந்தப் போனிலிருந்தே அனுப்பினேன். ஒவ்வொருவரிடமாகப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

ஒருவர்கூட ஆறுதல் சொல்லவில்லை. சிலர் பதில் போடவில்லை. ஒருவர், "யார் நீ? அவர் போன் உன்னிடம் எப்படி வந்தது?" என்று கேட்டார். இன்னொருவர் போலீசில் சொல்வேன் என்று எழுதினார். இதைப் பார்த்திருந்தால் என் கணவருக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு, சந்தோஷப்பட்டிருப்பார் என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் ஆறாம் மாடி அம்மாள் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"அவனைக் கூப்பிடு."

"அம்மா, உள்ள வாங்க."

"உள்ள வர்றது இருக்கட்டும். எவனோ கண்ட மெசேஜ் அனுப்பியிருக்கான். அவன் நல்லா இருக்கான்னு அவன் வாயால கேட்டுட்டுப் போறேன். கூப்பிடு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மருந்துக் கிடங்கில் கணக்கு கேட்கிறவர் மாதிரி கேட்க ஆரம்பித்தார். எந்த வீடு, பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் தூக்கியது, வண்டி வர ஏன் தாமதம், டாக்டர் என்ன சொன்னார், அவன் கடைசியாக என்ன பேசினான். அதுவரை என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அழாதே என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியாக, பெல்ட் மாட்டும்போது வெளிச்சத்தை மறைக்காதீர்கள் என்று அந்த வீட்டுக்காரரைத் திட்டினாராம் என்றேன்.

"அப்படின்னா அவன்தான்" என்றார். அதன் பிறகுதான் அந்த அம்மாள் அழுதார்.