நாய்ப்புழுவும் துரையின் துவக்கும்

நாயின் வயிற்றுப் புழுவைப் பற்றிப் பேசினால் சோறு இறங்காது என்பார்கள். எனக்குச் சோறு போட்டதே அதுதான். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் உருண்டைப் புழு எங்கே, யாருக்கு, எப்படி வருகிறது என்று தேடித் திரிந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், யுத்த காலம், கைப்பை நிறைய மண் பொட்டலங்கள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய், இது என்ன என்றான். நாய்ப்பீ கலந்த மண் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அதன் பிறகு அந்தச் சாவடியில் என் பையை யாரும் திறக்கவில்லை.

ஹந்தானை மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் போகக் காரணம் ஒரு சின்னப் பெண்ணின் கண். தொழிலாளர் வரிசைவீடான லயத்துப் பிள்ளை, ஐந்து வயது இருக்கும். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. நாயின் புழு மனித உடம்பில் வளர்ந்து முட்டையிடாது. இளம்புழுவாகவே வழி தெரியாமல் அலையும். ஈரலுக்குப் போகும், சில வேளை கண்ணுக்கும் போகும். அதனால் பிள்ளையின் மலத்தைச் சோதித்துப் பயனில்லை. அது விளையாடுகிற மண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.

லயத்து வாசல் மண்ணில் முட்டைகள் கொட்டிக் கிடந்தன. ஒற்றையறைக் காம்பராவுக்கு ஒரு நாய், சிலதில் இரண்டு, குட்டிகள் வேறு. வளர்ந்த நாய் அழுக்கு, அது வெளியே கிடக்கட்டும். குட்டி பச்சைப்பிள்ளை, அதை உள்ளே எடு என்பது அங்கே வழக்கம். குட்டிகள் பிள்ளைகளோடு ஒரே சாக்கில் சுருண்டு படுத்தன. உண்மையோ நேர்மாறு. தாயின் வயிற்றிலேயே புழுவை வாங்கிக்கொண்டு பிறப்பது குட்டிதான். அதன் பீயில்தான் முட்டை அதிகம்.

"இவ்வளவு நாய் ஏன் அக்கா?" என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்டேன்.

அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். "கலவரத்துல கொளுத்த வந்தாங்கல்ல மிஸ், அன்னைக்கு இந்த லயத்துல ஒரே ஒரு நாயிதான் இருந்துச்சு. அது கொரைச்சதாலதான் எந்திரிச்சு தேயிலைக்குள்ள ஓடுனோம். திரும்பி வந்து பாத்தா கூரை இல்ல. ஆனா நாங்க இருந்தோம். அதுக்கப்புறம் நாயி இல்லாம இங்க யாரும் படுக்கிறதில்ல. அந்த நாயோட குட்டிதான் இந்தா நிக்கிது."

எனக்குக் கோபம் வந்தது. நாய்ப்புழு அந்த லயத்தில் எதனால் பரவியது என்று கேட்டால் இன்றைக்கும் நான் சொல்கிற விடை ஒன்றுதான்: பயத்தால். அதை எந்த நுணுக்குக்காட்டியிலும் பார்க்க முடியாது.

"எம்புள்ள கண்ணுக்கு இதுதான் காரணமா மிஸ்?"

"ஓம் அக்கா. இதின்ர வயித்துப் புழு."

அவள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனேன். குட்டிகளுக்கும் தாய்நாய்களுக்கும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், வாசலில் கிடக்கிற பீயை அள்ளிப் புதைக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கை கழுவச் சவர்க்காரம் வேண்டும் என்றேன். அவர் காதில் விழுந்தது நாய் என்ற ஒரு சொல். வெள்ளிக்கிழமை காலை எல்லா நாயையும் கட்டிக்கொண்டு வாருங்கள், சுட வேண்டும் என்று கட்டளை போட்டார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. வீடு கொளுத்தப்படுவது அந்தச் சனத்துக்குப் புதிதில்லை.

எங்கள் ஆய்வுகூடத்து மூத்த அதிகாரியும் யாழ்ப்பாணத்தவர்தான். "உமக்கேன் இந்த வம்பு? காலம் சரியில்லை. பேசாமல் இரும்," என்றார். பேசாமல் இருந்த எங்கள் ஆட்களில் எத்தனை பேரின் வீடு மிஞ்சியது என்று கேட்டேன். நான் பூச்சி மருந்துக் குளிசைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் துரை நின்றார். பக்கத்தில் துவக்கோடு காவற்காரன். பெண்கள் நாய்களைக் கொண்டுவந்திருந்தார்கள்தான், ஆனால் ஒருத்தியும் கயிற்றை விடவில்லை. முன்னால் நின்றவள் அந்தத் தாய்.

"எம்புள்ள கண்ண எடுத்தது புழுவுங்க. எங்க உசுரக் காத்தது நாயி. சுடறதுன்னா எங்களையும் சேத்து சுடுங்க."

அவளுடைய நாயின் குட்டி ஒன்று என் காலைச் சுற்றியது. குனிந்து தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நாய்க்குட்டியைத் தூக்காதீர்கள், முகத்தை நக்க விடாதீர்கள் என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தவளும் நான்தான். அது ஆசை தீர என் நாடியையும் கன்னத்தையும் நக்கியது.

துரை தோட்டத் தமிழில் கேட்டார்: "நீங்கதானே குட்டியத் தூக்க வேணாம்னு சொன்னது?"

"ஓம், நான்தான். கழுவினால் போயிடும். ஆனா நாயைச் சுட்டால் மண்ணுக்குள்ள கிடக்கிற முட்டை சாகாது. என்ன செய்யப் போறீங்கள், மண்ணையும் சுடப் போறீங்களோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொழுந்து முற்றுகிற காலம். ஒருத்தியும் கொழுந்து பறிக்க மலை ஏறவில்லை. "மருந்தக் குடுத்துத் தொலைங்க," என்று ஜீப்பில் ஏறினார். காவற்காரனும் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான்.

குளிசைகளை ரொட்டித் துண்டுக்குள் உருட்டி வைத்துக் கொடுத்தோம். பிறகு தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் முகத்தையும் முழங்கை வரை கைகளையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அத்தனை பேரையும் தேய்க்க வைத்தேன். பிள்ளையின் பார்வை திரும்பவில்லை. திரும்பும் என்று நான் பொய் சொல்லவும் இல்லை.

மாலையில் லயத்தைத் தாண்டி இறங்கும்போது அத்தனை நாயும் சேர்ந்து என்னைப் பார்த்துக் குரைத்தன. நான் தூக்கி வைத்திருந்த குட்டிகூடத் தன் கீச்சுக்குரலில் சேர்ந்துகொண்டது. நாய் நன்றியுள்ளது என்று சொன்னவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும்.

"வெளியாளக் கண்டா விடாதுங்க மிஸ், கோவிச்சுக்காதீங்க," என்று அந்தத் தாய் வாசலில் நின்று கத்தினாள்.

எனக்கென்ன கோபம்? நல்லாய்க் குரைக்கட்டும். அதற்காகத்தானே துவக்குக்கு முன்னால் போய் நின்றேன்.