தடித்த தந்திக்குச் சந்தனம்

துணிக்கடைக்காரன் மகனுக்குக் கிட்டார் எதற்கு என்று பதுளைக் கடைவீதியில் கேட்காத ஆள் இல்லை. நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொன்னால் மட்டும் புரிந்துவிடப்போகிறதா என்ன?

அது எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். திரைச்சீலைத் துணி கிடைக்குமென்று அப்பா போய் ஒரு பெட்டகத்தை எடுத்து வந்தார். துணிகளுக்கு அடியில் இந்தக் கிட்டார் படுத்துக் கிடந்தது. "வெள்ளைக்காரன் தூக்கிப் போட்ட பொட்டி. அடுப்பெரிக்கக்கூட ஆகாது" என்று சொல்லி என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

கொழும்பிலிருந்து ஒரு நாடகக் குழு அவ்வப்போது ரயிலில் வந்து பதுளையில் கொட்டகை போடும். அதில் கிட்டார் வாசித்தவரின் வலது கையைப் பார்ப்பதற்காகவே நான் முன்வரிசையில் உட்காருவேன். மேடையில் அரிச்சந்திரன் அழுதாலும் சரி, ராமன் காட்டுக்குப் போனாலும் சரி, என் கண் அந்தக் கையை விட்டு அகலாது. பார்த்ததை வீட்டுக்கு வந்து தடவிப் பார்ப்பேன். கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஒருமுறை வந்தபோது அந்த ஆள் இல்லை. தன் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கே போய்விட்டாராம். நான் விடுவேனா? என்னுடையதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். குழுத் தலைவர் வெற்றிலையை மென்றபடி கண்ணை மூடிக் கேட்டார்.

"மெல்லிசு தந்தி மூணும் கிளியாட்டம் பேசுது தம்பி. தடிச்ச தந்தி மூணும் தொண்டை கட்டின மாதிரி முனகுதே! ராசா நடந்து வர்றப்ப கூடவே நடக்க வேண்டியது அந்தத் தந்திதான். நவராத்திரிக்குத் திரும்பி வருவோம். அதுக்குள்ள சரி பண்ணிட்டா பொட்டியோட எங்க கூடவே ரயில் ஏறிடுங்க."

ரயில் ஏறிடுங்க! அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. தோட்டத்துச் சனங்களுக்குக் கண்டாங்கிச் சேலையை விரித்துக் காட்டி மடித்து, மறுபடி விரித்துக் காட்டியே செத்துப்போவேன் என்று நினைத்தால் அந்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கடையை விட்டுப் போக எனக்குக் கிடைத்த ஒரே வழி அந்தத் தடித்த தந்திகள்தான்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்கவே பல வாரம் பிடித்தது. குறை என் தொழிலில் இருந்தது. துணி கிழிக்கிறவன் கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி, வெடுக்கென்று மேலே இழுப்பான். எத்தனையோ வருடமாக என் கட்டைவிரலுக்குத் தெரிந்த ஒரே அசைவு அதுதான். தடித்த தந்தியையும் அப்படியே கொக்கி போட்டு மேலே இழுத்தேன். இழுத்த தந்தி திரும்பி வந்து கட்டைமேல் அடித்தது. அடித்தால் முனகாமல் பாடுமா?

விரலை மடக்கக் கூடாது. நுனிமூட்டிலிருந்து இல்லாமல், உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டிலிருந்து முழு விரலும் அசைய வேண்டும். தந்தியை இழுக்காமல் அமுக்கி, வழுக்கி, பக்கத்துத் தந்தியின்மேல் போய் விரல் இளைப்பாற வேண்டும். அடுத்த சுரம் வருவதற்குள் முந்தின தந்தியை உள்ளங்கை ஓரத்தால் அமர்த்த வேண்டும். எழுதுவதற்கு இவ்வளவுதான். விரல் கேட்க வேண்டுமே! கடையில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் துணி அளக்கும் கஜக்கோலின் விளிம்பில் கட்டைவிரலை வழுக்கவிட்டுப் பழகினேன். வேட்டி எடுக்க வந்த கங்காணி ஒருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க சின்ன மொதலாளி, கட்ட வெரலுக்கு வாதமா? எண்ணெய் போட்டு நீவுங்க" என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "அதென்னடா விடாம டொம்மு டொம்முன்னு ஒரே சத்தம்?" என்று கேட்டார்.

"தடிச்ச தந்தி சரியா வரலைப்பா. அது வந்துட்டா போதும்."

"ம்" என்று சொல்லிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார்.

புரட்டாசி மழை தொடங்கிய சமயம், ஒரு சாயங்காலம் அது வந்துவிட்டது. கீழ்ச் சுரம் உருண்டையாக எழுந்து நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. நானா வாசித்தேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

நாடகக் குழுவும் சொன்னபடி வந்தது. நல்ல காரியம் தொடங்க விஜயதசமியைவிட நல்ல நாள் ஏது? அன்று காலையிலேயே வாசித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியான ரயிலில் அவர்கள் புறப்படுகிறார்கள். என் துணிமணியைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

முதல்நாள் சரஸ்வதி பூசை. கோவிலுக்குப் போய்த் திரும்பினேன். வீட்டில் கஜக்கோல், கத்தரி, கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து அடுக்கியிருந்தார்கள். நடுவில் என் கிட்டார்! மாலை போட்டு, மரத்தில் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே. அடுப்புக்கும் ஆகாத பொட்டிக்கு வந்த வாழ்வு! பூசையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

விடிந்ததும் கற்பூரம் காட்டி எடுத்தார்கள். மாலையைக் கழற்றினேன். தடித்த தந்தி மூன்றிலும் மேலிருந்து கீழ்வரை சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியை நெருக்கிச் சுற்றிய தந்தி அது. அந்தச் சுற்றுக்குள்ளெல்லாம் சந்தனம் இறுகிவிட்டது. மீட்டினேன். அரிசி மூட்டையைத் தட்டினதுபோல ஒரு சத்தம். ஈரத் துணியால் துடைத்ததில் சந்தனம் கரைந்து இன்னும் உள்ளே இறங்கியது. பதுளையில் எந்தச் சேலைக்கும் நூல் கிடைக்கும். கிட்டாருக்குத் தந்தி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என் பாடு.

அப்படியும் போனேன். வாசித்தேன். கட்டைவிரல் ஒரு பிசகும் செய்யவில்லை. அடிமூட்டிலிருந்து அசைந்து, வழுக்கி, இளைப்பாறியது. தந்திதான் ஊமை. தலைவர் தந்தியை முகர்ந்து பார்த்தார். "சந்தனமா? பாவம்" என்றார். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். "வெரல் சுத்தமாத்தான் போகுது தம்பி. ஆனா இந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு எங்க குழு ஆளுங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? இன்னொரு தடவை பாப்போம்." அந்த இன்னொரு தடவை வரவே இல்லை. கண்டியில் அவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ரயில் கூவிப் போவதைக் கேட்டுக்கொண்டே கடைக்கு நடந்தேன். சந்தனம் பூசியது அம்மாவின் வேலையாகத்தான் இருக்கும், இன்றைக்கு வீடு இரண்டுபடப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினேன்.

துணி வாங்க வந்த ஒரு பெண்மணிக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"என்னடா, பேசுச்சா? தடிச்ச தந்திதானே தகராறுன்னே. அதுக்குன்னே நானே சந்தனக் கட்டையை இழைச்சு, மூணுக்கும் நல்லா கெட்டியாப் பூசினேன். மத்ததுக்குக்கூட வைக்கலை."

வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கினேன்.

"நல்லா பேசுச்சுப்பா."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "அப்புறம் ஏன் நிக்கிற? அந்தம்மாவுக்குத் துணி கிழிச்சுக் குடு" என்றார்.

கத்தரியால் ஓரத்தில் வெட்டுப் போட்டேன். கட்டைவிரல் மடங்கவில்லை. அடிமூட்டிலிருந்து மெதுவாக வழுக்கிப் போனது. துணி கோணலாகக் கிழிந்தது.

"இத்தனை வருசம் கழிச்சு ஒரு துணிகூட நேராக் கிழிக்கத் தெரியலையேடா உனக்கு" என்றார் அப்பா.