அசையாத நெற்றி

ப்ரான்வின் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்சாக இருந்தவள். குடிகாரர்களிடம் உதை வாங்கி அலுத்துப்போய், ஆஸ்திரேலியக் கடலோரத்தில் எங்கள் மக்கே நகரில் முடி வெட்டும் கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து அழகு ஊசி போட ஆரம்பித்தாள். முதல் வருடத்தை எவரும் ஓட்டிவிடலாம். புதுக் கடையை எட்டிப் பார்க்க ஊரே வரும். பார்த்தவர்கள் திரும்பி வந்தால்தான் பிழைப்பு. சுருக்கம் விழாதபடி தசையை அசையாமல் கட்டிப்போட நெற்றியில் போடும் ஊசி மூன்று நான்கு மாதத்தில் வேலையை நிறுத்திவிடும். அப்போது மறுபடி வந்து படுக்கிறவர்கள்தான் அவளுக்கு வாடகை, சாப்பாடு எல்லாம்.

நான்காவது வருடம் பக்கத்திலேயே இரண்டு கடைகள் முளைத்து, விலையைக் குறைத்து, அவள் வயிற்றில் அடித்தன. அப்படியும் அவள் தாக்குப்பிடித்தது கெரின் என்ற வாடிக்கைக்காரியால். கெரினின் கணவன் வேட் லாரி முதலாளி, ரக்பி கிளப்புக்குத் தலைவன். கெரின் போகிற இடத்துக்குக் கிளப் பெண்கள் அத்தனை பேரும் போவார்கள்.

கெரினிடம் ஒரு விசித்திரம் உண்டு. மற்றவர்கள் சுருக்கம் தெரிந்த பிறகு வருவார்கள். இவள் தெரிவதற்கு முன்பே வந்து நிற்பாள். உதட்டைப் பற்றியோ கன்னத்தைப் பற்றியோ ஒரு நாளும் கேட்டதில்லை. புருவத்துக்கு நடுவே துளி அசைவு திரும்பினால் போதும், உடனே ஊசி வேண்டும். அழகுப் பைத்தியம் என்று ப்ரான்வின் நினைத்துக்கொண்டாள். தவறாமல் வருகிற பைத்தியத்தை எந்தக் கடைக்காரி தெளிய வைப்பாள்?

ஒரு புயல் காலத்தில் கெரின் ரொம்பவே முன்னதாக வந்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் காணொளியில் பார்த்து அனுமதி தருகிற மருத்துவர், இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ப்ரான்வினும் சிரித்துக்கொண்டே அவளைத் திருப்பி அனுப்பினாள்.

மாதம் முடிந்ததும் வந்தாள். ஊசிக்கு முன் ஒப்பனையைத் துடைத்துப் படம் எடுப்பது வழக்கம். துடைக்கத் துடைக்கப் பஞ்சுக்கு அடியிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு தாடை வெளியே வந்தது. மோதிரக் கை இறங்கிய தடம் என்று அவசரப் பிரிவில் இருந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லலாம்னுதான் வந்தேன்,” என்றாள் கெரின். “நீ நர்சு, நம்ப மாட்டே.”

ப்ரான்வின் பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு விளக்கை அந்தத் தாடைப் பக்கம் திருப்பினாள்.

“நான் பயந்தா நெத்தி சுருங்கும் பாரு, வேட் அதப் பாத்துட்டான்னா அடிக்கறத நிறுத்த மாட்டான். அசையாம இருந்தா ரெண்டு அடியோட சலிச்சுப் போயிருவான்.”

ப்ரான்வின் திருப்பி அனுப்பிய அந்த ஒரு மாதம்தான் இந்தத் தாடையில் இருந்தது. ஊசியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், இப்போதே போலீசுக்குப் போகலாம் என்றாள்.

“போலாம். போலீஸ் வந்து சேர்ற வரைக்கும் எனக்கு நெத்தி வேணும்ல?”

ப்ரான்வின் ஊசி போட்டாள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்க வரச் சொல்வது வழக்கம். அன்று கெரினின் அக்கா டவுன்ஸ்வில்லில் இருந்து கார் கொண்டுவந்து, பின்வாசல் வழியாக அவளை அழைத்துப் போவதாகவும், அங்கே போய்ப் போலீசில் சொல்வதாகவும் ஏற்பாடு.

அக்காவுக்கு முன்னால் வேட் வந்தான். வீட்டில் துணி அலமாரி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டிருக்கிறான். முன்கதவை ஒரே உதையில் சட்டத்தோடு பெயர்த்தான். குறுக்கே போன ப்ரான்வினைத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் அடித்தான். கண்ணாடி நொறுங்கிக் கையைக் கிழித்தது. ஒரு பல் உடைந்து நாக்கில் ரத்தம் கரித்தது. கெரினின் தலைமயிரைப் பற்றி முகத்தை விளக்குக்கு நேராகத் தூக்கி, பழக்கம்போல அந்த நெற்றியைத் தேடிப் பார்த்தான். ஒரு கோடு இல்லை.

“இப்பத்தான் நல்ல பொண்ணு,” என்று சிரித்தான். “அங்கேயே நில்லு. மொதல்ல இந்த ஊசிக்காரியக் கவனிச்சுட்டு வர்றேன்.”

மயிரை விட்டுவிட்டுத் திரும்பி, தரையில் கிடந்தவளின் விலாவில் உதைத்தான். இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கும்போது கெரின் ஓங்கிய இரும்பு முக்காலி அவன் பிடரியில் இறங்கியது. ஏழு வருடம் அந்த முகத்தைப் படித்தே பழகியவனுக்கு அன்று படிக்க எதுவும் கிடைக்கவில்லை. மண்டியிட்டான். அடுத்த அடியில் தாடை எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்கடுத்த அடிக்கு முன் ப்ரான்வின் தவழ்ந்து போய் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் கண்ணு. செத்துருவான்.”

“சாகட்டுமே,” என்றாள் கெரின், அதே வழவழப்பான முகத்தோடு.

பாழாய்ப்போன நர்ஸ் புத்தி. திட்டிக்கொண்டே ப்ரான்வின் அவனைப் பக்கவாட்டில் புரட்டி, ரத்தம் தொண்டைக்குள் போகாமல் பிடித்துக்கொண்டாள். போலீஸ் வரும்வரை கெரின் சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணும் மூக்கும் ஒழுகின, நெற்றி அசையவில்லை. இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் யாருக்கும் செய்ததில்லை என்று ப்ரான்வினுக்குத் தோன்றியது. தோன்றியதுமே அந்த நெற்றியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேட் பிழைத்துச் சிறைக்குப் போனான். கெரின் அக்கா வீட்டில் இருக்கிறாள். கிளப் பெண்கள் வேடின் தாடைக்காக இரக்கப்பட்டு மொத்தமாகப் பக்கத்துக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். பலகை அடித்த கதவோடு ப்ரான்வின் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்றுகூடத் தன் அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், கிளப் பெண்களில் ஒருத்தி தனியாகப் பின்வாசல் வழியாக வந்தாள். முப்பதுகூட ஆகாதவள், முகத்தில் சுருக்கமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றிக்கு மட்டும் போதும் என்றாள்.

ப்ரான்வின் ஊசித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லு கண்ணு,” என்றாள். “வீட்டுல யாரு?”