இன்ஹேலரும் சம்பந்திகளும்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் அக்கறையாக விசாரித்திருந்தீர்கள். சிலர் நிம்மதியாகவும் இருந்திருப்பீர்கள். இரு தரப்புக்கும் வணக்கம்! வீட்டில் கல்யாணம். என் மகள் வித்யாவுக்கு. பட்டு, பாத்திரம், பந்தி, பூக்காரரோடு சண்டை எல்லாம் முடிந்து, இப்போதுதான் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கிறேன்.

கல்யாணத்தில் எது நன்றாக இருந்தது என்று கேட்டால் வந்தவர்கள் பந்தியில் போட்ட கத்திரிக்காய் ரசவாங்கியைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால்... என் கணவர் மூச்சு விட்டது.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

என் கணவர் ரங்கராஜனுக்கு ஆஸ்துமா. மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மார்கழிப் பனியில் அவர் நெஞ்சு போடும் விசில் எதிர் ஃப்ளாட் வரை கேட்கும். ஆனால் அவரைக் கேட்டால் 'லேசா டஸ்ட் அலர்ஜி' என்பார். வித்யாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் அந்த 'லேசா'வும் போயிற்று. ஒருநாள் காலையில் வீட்டில் சட்டமே போட்டுவிட்டார்.

"இதோ பாரு, கல்யாணம் முடியற வரைக்கும் வீஸிங்ங்கற பேச்சே நம்ம ஆத்துல கூடாது. அப்பாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவா. நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கும் வருமோன்னு கேப்பா. எதுக்கு வம்பு?"

"இன்னும் யாரும் ஒண்ணும் கேக்கலையேன்னா..."

"கேக்கறதுக்கு முன்னாடி மறைக்கறதுதான் புத்திசாலித்தனம்."



சம்பந்தம் கே.கே. நகரில் அமைந்தது. மாப்பிள்ளை கார்த்திக் தங்கமான பையன். ஒரு ஓட்டல் ஹாலில் நிச்சயதார்த்தம். சின்னதாக ஒரு கணபதி ஹோமம். சமித்துக் குச்சி ஈரமோ என்னவோ, புகை மண்டிக்கொண்டு வந்தது. இவர் முகம் மாறியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். கார் பார்க்கிங்கில் நின்று யாரிடமோ ரொம்ப நேரம் 'ஹலோ... ஹலோ...' என்று பேசிக்கொண்டிருந்தார். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். கோட்டூர்புரம் பாலம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"கல்யாணத்தன்னிக்கு என் மடியில உக்காந்துதான் வித்யா தாலி கட்டிக்கணும். எதிர்ல அக்னி. நடுவுல நான் எழுந்து ஓடினா நன்னாவா இருக்கும்? ஒரே பொண்ணு..."

உண்மைதானே? மடியில் மணப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரோடு போன் பேசுவது?

வைத்தியம் பார்க்காமல் இல்லை. டாக்டர் அன்வர் எங்கள் குடும்ப டாக்டர். ராயப்பேட்டைக்காரர். வித்யா பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஜுரம், வயிற்றுப்போக்கு, கண்வலி எல்லாம் அவர் கையில்தான். கைராசிக்காரர் என்று பெயர். சாயங்காலம் கிளினிக் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே தெரியும். மூச்சு முட்டுகிறது என்று போனால், முகத்தில் மாஸ்க்கை மாட்டி, நெபுலைசரில் மருந்துப் புகை கொடுத்து, மாத்திரையும் சிரப்பும் எழுதி அனுப்புவார். இவர் வெளியே வரும்போது சிங்கம். அடுத்த மாதம் உள்ளே போகும்போது மறுபடி பூனை.

அப்படிப் போன ஒரு தடவை, தினசரி எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஒரு புது மருந்து எழுதினார். சின்னக் கேப்ஸ்யூல்கள், அதைப் போட்டு உறிஞ்ச ஒரு கையடக்க மெஷின். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதற்குப் பிறகு எப்போது போனாலும் ஒரே உரையாடல்.

"எப்படி சார் இருக்கு?"

"பரவாயில்லை டாக்டர். ஆனா பெரிசா ஒண்ணும் தெரியலை."

"அப்போ டோஸைக் கொஞ்சம் ஏத்திடலாம்."

ஏறியது. மறுபடியும் ஏறியது. விசில் மட்டும் இறங்கவே இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் நானே அவரை இழுத்துக்கொண்டு போனேன். அன்று டாக்டர் ஒரு மாதிரியாக இருந்தார். ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவில்லை. டிராயரைத் திறந்து, அதே போல ஒரு மெஷினை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சார், கேப்ஸ்யூல் கையில இருக்கா? டெய்லி எப்படி எடுத்துக்கறீங்களோ, அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க."

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"டாக்டர், ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

"வாய் கொப்பளிக்கவா சார்? அது கடைசியிலதான்."

"இல்லை... முழுங்கறதுக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்த்தார்.

"அப்போ நான் எழுதிக் கொடுத்த மெஷின் எங்க சார்?"

"பரண்ல... பழைய சூட்கேஸுக்குள்ள. சம்பந்தி ஆத்துக்காரா திடீர்னு வந்து நின்னா கண்ணுல பட்டுடுமேன்னு... உறிஞ்சினா என்ன டாக்டர், முழுங்கினா என்ன? எப்படியும் உள்ளதானே போறது?"

வாஷிங் மெஷின் வாங்கினால் அதோடு வரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற இன்ஜினீயர் பேசுகிற பேச்சா இது? நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து இத்தனை மாதமாக இட்லியோடு சேர்ந்து வயிற்றுக்குப் போயிருக்கிறது! பி.பி. மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொண்டதால் எனக்கும் தெரியவில்லை.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். கடைசியில் இவரும் சேர்ந்துகொண்டார். பிறகு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க சார். தப்பு என் மேலயும்தான். எழுதிக் கொடுத்தேன், டோஸ் ஏத்தினேன். எப்படி எடுத்துக்கறீங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. உண்மையைச் சொல்லட்டுமா? போன ஞாயித்துக்கிழமை தி.நகர்ல, என்னை மாதிரி கிளினிக் வெச்சிருக்கற டாக்டருங்களுக்கு ஒரு கிளாஸ் வெச்சாங்க. ஆஸ்துமா பத்தி. லஞ்ச் நல்லா இருக்கும்னு போனேன்."

"நன்னா இருந்துதா?" இது என் கணவர். இந்த நிலைமையிலும்!

"லஞ்ச் அப்புறம் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு, நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட், மருந்தில்லாத இன்ஹேலர் பம்ப்பைக் கையில கொடுத்துச்சு. 'உங்க பேஷன்ட்டுக்கு எப்படிச் சொல்லித் தருவீங்க, செஞ்சு காட்டுங்க சார்'னுச்சு. நானும் ஜம்முனு எழுந்து போனேன். பம்ப்பைக் குலுக்க மறந்துட்டேன். மூச்சை இழுத்து முடிச்சப்புறம் அமுக்கினேன். அதுல மருந்து இருந்திருந்தா பூரா நாக்குலதான் இருந்திருக்கும். பக்கத்து சீட் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. அவர் முறை வந்துச்சு... மூடியையே கழட்டலை!"

இத்தனை வருஷம் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த ஒருவர், பேஷன்ட் எதிரில் உட்கார்ந்து தன் தோல்வியைச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

"இன்னொண்ணும் சொல்றேன்மா," என்று என் பக்கம் திரும்பினார். "இன்ஹேலர்னாலே கடைசி ஸ்டேஜ்னு ஜனங்களுக்கு பயம். அழுத்திச் சொன்னா அடுத்த தெரு டாக்டரைப் பார்க்கப் போயிடுவாங்க. அதனால பாதிப் பேருக்கு நானும் மாத்திரையோட விட்டுடுவேன். அது சரியில்லைன்னு எனக்கே தெரியும்."

டாக்டரை மட்டும் சொல்லி என்ன பயன்? ஒரு பேஷன்ட்டிடம் அவர் ஐந்து நிமிஷம் கூடப் பேசினால், வெளியே உட்கார்ந்திருக்கும் நாம் என்ன சொல்கிறோம்? 'உள்ள என்ன கதை பேசிண்டிருக்கா?' நானே எத்தனை முறை முணுமுணுத்திருக்கிறேன்! 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்லித் தப்பிக்கலாம். 'செஞ்சு காட்டுங்க' என்றால்? தப்பிக்க வழியே இல்லை.

அன்று டாக்டர் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். கேப்ஸ்யூலை மெஷினில் போட்டுத் திருக வேண்டும். முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், மெஷினுக்குள் அல்ல. பிறகு உதட்டை இறுக்கி மூடி, ஒரே இழுப்பாக வேகமாய் உள்ளே இழுக்க வேண்டும். அடக்கி வைத்திருந்து விட வேண்டும். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் வாய் கொப்பளித்துத் துப்ப. இவர் முதல் தடவை மெஷினுக்குள்ளேயே ஊதினார். மருந்துப் பொடி பறந்து டாக்டரின் மேஜையில் படிந்தது. சரியாக வரும்வரை டாக்டர் விடவில்லை. ஏற்றி வைத்த டோஸையும் இறக்கினார். அவசரத்துக்கு என்று தனியாக ஒரு பம்ப் எழுதி, அதையும் செய்து காட்டச் சொன்னார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "வெயிட் பண்ணுங்க, உங்களுக்கும் உண்டு!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

சூட்கேஸ் பரணிலிருந்து இறங்கியது. நாலைந்து வாரத்தில் விசில் சத்தம் நின்றது. தி.நகரில் புடவைக் கடையில் நான் லிஃப்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், இவர் படியேறிப் பட்டுப் பிரிவுக்குப் போய்விட்டார். முன்பெல்லாம் கடை வாசலிலேயே நாற்காலி கேட்கிறவர். இப்போது மூச்சு நிறைய இருந்ததால் ஒவ்வொரு புடவைக்கும் அபிப்பிராயம் சொன்னார். ஆஸ்துமா குணமாவதில் இப்படி ஒரு ஆபத்து இருப்பதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஆனால் வீட்டுச் சட்டம் மட்டும் அமலில்தான் இருந்தது. அடையாறு கல்யாண மண்டபத்திலும் அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் மருந்தை உறிஞ்சினார்.

முகூர்த்த நேரம். இவர் மடியில் வித்யா. ஹோம குண்டத்தில் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை நேராக இவர் பக்கமே வந்தது. நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தாங்கினார். அப்புறம் ஒரு இருமல். இன்னொன்று. பம்ப் என் இடுப்பில் செருகியிருந்தது. நீட்டினேன். வாங்காமல் சம்பந்தி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, எடுத்துக்கோங்கோப்பா. யார் பாத்தா என்ன?" என்றாள் வித்யா. மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்த வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார். இவர் பம்ப்பை வாங்கினார். குலுக்கினார். மூச்சை விட்டார். அமுக்கி, இழுத்து, அடக்கினார். இரண்டாவது வரிசையில் டாக்டர் அன்வர் எழுந்தே நின்றுவிட்டார். 'இன்னும் பிடிங்க, இன்னும் பிடிங்க' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வீடியோகிராபர் ஒன்றையும் விடவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. மடியிலிருந்து எழுந்து போனது வித்யாதான். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். கொஞ்சம் அதிகமாகவே அழுதேன்.

சாப்பாட்டுக்கு முன் சம்பந்தி மாமி நேராக எங்களிடம் வந்தார். இவர் முகம் வெளுத்தது.

"ஏன் மாமா, இதைப் போயா இத்தனை நாளா மறைச்சேள்? கார்த்திக்கை முதல் தடவை பாத்தப்பவே வித்யா சொல்லிட்டாளே!"

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சதாலதான் நாங்க பயந்துண்டிருந்தோம். எங்க ஆத்து ஃப்ளாட் மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூச்சுத் தொந்தரவு இருக்கற மனுஷர், பொண்ணைப் பாக்க இத்தனை படி எப்படி ஏறுவேன்னு சம்பந்தமே வேண்டாம்னுடப் போறேளோன்னு... பெயின்ட் அடிக்கறோம், அது இதுன்னு சொல்லி உங்களை ஆத்துப் பக்கமே வரவிடாம பாத்துண்டோம்!"

நாங்கள் ஒரு மெஷினை ஒளித்து வைத்தோம். அவர்கள் ஒரு மாடிப்படியையே ஒளித்து வைத்திருந்தார்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் விருந்து. மூன்று மாடியும் இவர் ஒரே மூச்சில் ஏறினார். மேலே போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "என்ன, இன்னும் வரலையா?" என்று வேறு கேட்டார்.

வழியில் நின்று நின்று ஏறியது நான்தான். முழங்கால் வலி. தயவுசெய்து இது சம்பந்தி ஆத்துக்குத் தெரிய வேண்டாம்!