கண்டக்டர் காதில் கனகாம்பரம்

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் தனியார் பேருந்தில் குணசீலன் பதினெட்டு வருடமாகக் கண்டக்டர். வாய் ஓயாத ஆள். மலைப்பாதையில் பாதி ஏறியதும் ஒரு டீக்கடை முன்னால் வண்டி பத்து நிமிடம் நிற்கும். கடைக்குப் பின்னால் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தால்தான் அவருக்கு மீதி மலை ஏறும்.

போன வருடம் ஜூனில் ஒரு சாயங்காலம், பாறையில் இரண்டு பேர் முந்திக்கொண்டு உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பு சாகிப், அவன் கூட்டாளி வெற்றிச்செல்வன். தினமும் அதே வண்டியில் பள்ளிவிட்டு வீடு திரும்புகிறவர்கள்.

“டேய், வூட்ல சொல்லட்டா?” என்று எகிறினார் குணசீலன்.

சாகிப் மரியாதையாக எழுந்து நின்றான். “சொல்லுங்கண்ணே. நீங்க இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?”

அவர் ஒரு கையில் சிகரெட், மறு கையில் தீப்பெட்டி. அவருக்கு வீம்பு வந்துவிட்டது. “சரிடா, மூணு பேருமே வுட்டுடலாம். இன்னியோட சரி” என்று சிகரெட்டை ஒடித்துப் போட்டார். பையன்களும் ரோஷத்தில் ஒடித்தார்கள்.

முன்சீட்டில் வரும் நர்ஸ் சிவசங்கரி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். “மொத வாரம்தாண்ணே பாடு. தலை வலிக்கும், எரிச்சல் வரும். ஆசை வந்தா தண்ணி குடிச்சிட்டு அஞ்சு நிமிஷம் தள்ளிப் போடுங்க. தானா போய்டும்.”

நான்காம் நாள், “டயரப் பாத்துட்டு வர்றேன்” என்று குணசீலன் இறங்கினார். டயர் பார்க்கப் போனவர் டீக்கடைக்குப் பின்னாலிருந்து புதினா மிட்டாய் சப்பிக்கொண்டு வந்தார். வெற்றிச்செல்வன் அவர் சட்டையை மோந்து பார்த்தான்.

“எங்க காதுலயே பூ சுத்துறீங்களா?” என்றவன், சிவசங்கரி தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி அவர் காதில் செருகினான். “ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.”

அப்படியே டிக்கெட் கிழித்தார். “இன்னா கண்டக்டரே, மறுபடியும் கல்யாணமா?” என்று வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் நாலு நாள்கூடத் தாங்கவில்லையே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு அவர் எங்கே இறங்கினாலும் இருவரும் பின்னாலேயே போனார்கள், கழிப்பறைக் கதவு வரைக்கும். “போலீஸ்கூட இப்டி வராதுடா!” என்று கத்துவார். அவரைக் காவல் காக்கிற மும்முரத்தில் அவர்களுக்குப் பற்றவைக்க நேரமே கிடைக்கவில்லை.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் வெற்றிச்செல்வன் சறுக்கினான். மறுநாள் யாரும் கேட்காமலே காதில் பூவோடு வண்டி ஏறினான். கிண்டல் செய்ய வந்தவர்களைக் குணசீலன் அடக்கினார். “அவனா ஒத்துக்கினான்யா. நான் டயருன்னு புளுகுனவன்.”

தீபாவளிக்குள் அவர் காதில் இன்னும் இரண்டு முறை பூ ஏறியது. பொங்கல் வந்தபோது மூவரும் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருமாமல் ஊர்ப்பெயர் கூவ முடிவது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

போன வாரம் வேறு இரண்டு பையன்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். “அண்ணே, எங்களையும் சேத்துக்குவீங்களா?”

“சாகிப்பக் கேளுங்கடா” என்றார் குணசீலன். “நானே அவங்கிட்ட மாட்டிக்கினு முழிக்கிறேன்.”